ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், கீரனூரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கடைத்தெருவில் நடந்தது இது. அன்று ஒரு மருந்துக்கடை வாசலில் ஈரக்குடையோடு நின்றுகொண்டு போனில் நான் கேட்ட குரல், இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். டி.பார்ம் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்து வாங்கினால் போதும். அலமாரிக்குப் பின்னால் நின்று போனைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேரை நான் லேசில் விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த சங்கதி.

நான் சொல்லிக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனே ஆளை அனுப்பிவிடக் கூடாது. "ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் வாயால் சரியாக வந்த பிறகுதான் அடுத்த ஆள். இதற்காக வரிசையில் நிற்பவர்களிடம் நான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. "நான் என்ன பரீட்சையா எழுத வந்தேன்? மாத்திரையைக் குடுங்க, பஸ்ஸு போயிரும்" என்பார்கள். பிள்ளைகள் எனக்கு 'திருப்பிச் சொல்லு மேடம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். உள்ளூர சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்படி வந்தவர்களில் மீமிசல் பக்கத்துப் பெண் ஒருத்தி. அப்பா கடலுக்குப் போகிறவர். முதல் நாள் பேசவே பயந்தாள். இரண்டாவது வாரம் என்னையே மிஞ்சிவிட்டாள். ஒரு நாள் குழந்தையோடு வந்த ஓர் அம்மா, காய்ச்சல் மருந்தை "ஒரு ஸ்பூன், மூணு வேளை" என்று சரியாகவே திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானே தலையாட்டிவிட்டேன். இந்தப் பெண் மட்டும், "எந்த ஸ்பூனுங்க?" என்று கேட்டாள். "வீட்ல ஒண்ணு கெடக்கு, சட்டினி ஊத்துவமே, அது" என்றாள் அந்த அம்மா. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பெண்தான் மருந்தோடு வரும் அளவு மூடியை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டி, அந்த அம்மாவையும் ஊற்றிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். சொல்லிக் கொடுத்தவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துக்கடை வைக்க, படித்த பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பல கடைகளில் இருப்பது அவருடைய சான்றிதழும் போட்டோவும்தான். அவற்றை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஆள் வேறு எங்கேயோ இருப்பார். மாத்திரை எடுத்துத் தருவது முதலாளியின் மச்சானாக இருக்கும். 'போட்டோ பார்மசிஸ்ட்' என்று அவர்களைக் கேலி செய்வேன். பயிற்சி முடிந்து கிளம்பும் நாளில் எல்லாப் பிள்ளைகளிடமும், "செவுத்துல தொங்குறதுக்குப் படிக்காதீங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்புவேன். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். "என் போட்டோவை மாட்டுனா யாரும் கடைக்குள்ள வர மாட்டாங்க மேடம்" என்று சிரித்தாள்.

அப்புறம் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

இப்போது என் அக்காவிடம் வருகிறேன். கீரனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. நெல்லும் கடலையும் போடும் குடும்பம். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க முடியவில்லை என்று மகன் திருச்சிக்குக் கூட்டிப்போனான். முடக்குவாதம் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த நோய்க்கு ஒரு மாத்திரை உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்தம் ஊறும் இடத்தையே அது அழித்துவிடும். அதனோடு மற்ற நாட்களில் போட ஒரு சத்து மாத்திரையும் தருவார்கள். இரண்டும் சின்னது, இரண்டும் மஞ்சள்.

சீட்டை ஊருக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் கவரில் போட்டு, மாற்றிச் சொல்லிவிட்டார். தினமும் போட வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை என்றும், ஞாயிற்றுக்கிழமை போட வேண்டியதைத் தினமும் என்றும் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வேளை தவறவிடவில்லை. "மருந்துக்காரிக்கு அக்கா, நானே மாத்திரையை மறக்கலாமா?" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போட்டிருக்கிறாள்.

விடுமுறைக்கு நான் போனபோது அக்கா சுருண்டு படுத்திருந்தாள். வாயெல்லாம் புண். "சூடுதாண்டி, மோரு குடிச்சா சரியாப் போயிரும்" என்றாள். உடம்பு கொதித்தது. மாத்திரையைக் காட்டு என்றேன். தினமும் எதைப் போடுகிறாய் என்று கேட்டேன். வெகு சரியாக, ஒரு வார்த்தை பிசகாமல், கடைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். மாத்திரைக் கவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உடனே திருச்சிக்குக் கொண்டு போனோம்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லை என்றார்கள். மறுநாள் துணிமணி எடுக்க ஊருக்குத் திரும்பும்போது, ஆத்திரம் தாங்காமல் அந்தக் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடைக்காரரிடம், "நான் கவர்மெண்ட் பார்மசிஸ்ட். உங்க பார்மசிஸ்ட் எங்க?" என்றேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார். அங்கிட்டுத் திரும்பி நின்று போன் போட்டு, ஏதோ குசுகுசுவென்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வணக்கம் மேடம். சாப்பிட வந்திருக்கேன். பத்து நிமிஷத்துல கடைக்கு வந்துர்றேன்."

பழகிப்போன, ஒப்பிக்கிற குரல். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? நிமிர்ந்து பார்த்தேன். ஒரு க்ரீம் விளம்பரத் தோரணத்துக்குப் பின்னால், இரட்டைச் சடையோடு அந்த மீமிசல் பெண்ணின் போட்டோ.

"நான்தான்ம்மா" என்றேன்.

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "மேடம்... யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், "ஐயோ, அது வாரத்துக்கு ஒண்ணுல்ல மேடம்! ரெண்டும் மஞ்சளா இருக்கும், தனித்தனிக் கவர்ல போட்டுக் குடுக்கணும்னு சொல்லுவீங்களே! திருப்பிச் சொல்லச் சொல்லலையா அவரு?" என்று கத்தினாள்.

எல்லாம் ஞாபகம் இருந்தது அவளுக்கு. நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. திருப்பூரில் ஒரு வாடகை வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, அத்தனையையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவளே அழுதுகொண்டு சொன்னாள். "கடையில நிக்கிறேன்னுதான் மேடம் மொதல்ல கேட்டேன். நாள் பூரா நின்னா குடுக்கிற சம்பளத்துக்கும், நிக்காம போட்டோ மட்டும் குடுத்தா வர்றதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்கிறாங்க. பிள்ளையை யாரு பாக்கிறதுன்னாங்க வீட்ல." போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அக்கா பிழைக்கவில்லை. கடைசி நாட்களில் அவளால் பேசவும் முடியவில்லை, வாய்ப்புண் அப்படி.

புகார் கொடுத்தேன். கடையைக் கொஞ்ச நாள் பூட்டி வைத்தார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். அதே மனிதர்தான் மாத்திரை எடுத்துத் தருகிறார். சுவரில் வேறொரு பிள்ளையின் போட்டோ. அக்கா மகன், "விடுங்க சித்தி, யாருகிட்ட போய் முட்டிக்கிறது?" என்கிறான். அந்தப் பெண் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். அது இப்போது அவள் வீட்டு பீரோவில் இருக்கிறது. சுவரிலிருந்து பீரோவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இந்த வருடமும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாததால் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண், அந்த இரண்டு மஞ்சள் மாத்திரைகளையும் உள்ளங்கையில் தனித்தனியாக வைத்து, எது எந்த நாளுக்கு என்று ஒரு இடம் தடுமாறாமல் சொன்னாள். "சரிதானே மேடம்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். சரிதான் என்றேன். முன்பெல்லாம் யாராவது தப்பாகத் திருப்பிச் சொன்னால்தான் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது சரியாகச் சொல்கிற பிள்ளையைப் பார்த்தால்தான், இவள் போட்டோ எந்தச் சுவருக்குப் போகுமோ என்று பயமாக இருக்கிறது.