நான் எடுத்து வைத்த காப்பி

திங்கட்கிழமை காலை, சூப்பர்வைசர் மாதப்பன் நேராக என் கம்ப்யூட்டர் ரூமுக்கே வந்துவிட்டார். "ஏம்பா, டிராயிங் ஒண்ணுகூட ஓப்பன் ஆவல. மெஷினெல்லாம் சும்மா நிக்குது." போய்ப் பார்த்தால், திறக்க ஃபைலே இல்லை. ஃபோல்டர் மொத்தமும் காலி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஃபோல்டருக்கு டிராயிங் தானாக வந்து சேரும் ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. பெங்களூர் கஸ்டமர் அந்தப் பாகங்களின் டிராயிங்கை ஓர் ஆன்லைன் ஸ்டோரேஜில் போடுவார்கள். நாங்கள் வைத்திருந்தது வேறொன்று. இப்படி ஆன்லைனில் வைக்கும் கிளவுட் என்ற பேச்சே அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து இறக்கி இங்கே ஏற்றுவதிலேயே என் பொழுது போனது. அதனால் அது தானாக நடக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதினேன். மேனேஜர் ஒரு கண்டிஷன் போட்டார்.

"அவங்க அழிச்சா இங்கயும் அழியணும். பழசை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"சார், அவங்க தெரியாம அழிச்சுட்டா?"

"பெரிய கம்பெனிப்பா அது. நீ உன் வேலையப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கம்பெனியில் யாரோ தெரியாமல்தான் அழித்துவிட்டார்கள். என் ஸ்கிரிப்டும் சொன்ன பேச்சைத் தட்டாமல் இங்கே அழித்தது. திரும்ப அனுப்ப இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

நல்லவேளையாக, மனசு கேட்காமல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான் தனியாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா டிராயிங்கும் திரும்ப வந்துவிட்டது. மாதப்பன் டீ வாங்கிக் கொடுத்தார். வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்த நான் அந்த மாதம்தான் பெர்மனென்ட் ஆவதாக இருந்தது. இனி யார் தடுக்கப் போகிறார்கள் என்று தேன்கனிக்கோட்டையில் இருந்த மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன்.

மறுநாள், டிராயிங் இனி அவசரமில்லை, வேலை ஓடுகிறது என்று மேனேஜர் சொன்னதும், கஸ்டமர் போனில் ஒன்றுதான் கேட்டார். "நாங்க அழிச்ச டிராயிங் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" அக்ரிமென்ட்படி எங்களிடம் தனிக் காப்பி இருக்கக் கூடாது.

"எங்களுக்குத் தெரியாம ஒரு பையன் எடுத்து வச்சிருக்கான் சார். ஆளை வேலைய விட்டு அனுப்பிட்டோம்" என்றார் மேனேஜர். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத தம்பி. யாரையாச்சும் ஒருத்தரைக் காட்டணுமில்ல?" என்று என் ஐடி கார்டுக்குக் கையை நீட்டினார். நான் கேட்டைத் தாண்டும்போது, என் காப்பியிலிருந்து எடுத்த டிராயிங்கை வைத்துத்தான் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. தானாக அழிக்கும் ஸ்கிரிப்டை எழுதாதீர்கள் என்பேன். எழுதியே ஆகவேண்டும் என்றால், காப்பி வைத்துக்கொள்ள மேலே இருப்பவரின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள் என்பேன். மீதியை அவர்களிடம் சொல்வதில்லை. அன்றைக்குக் காப்பி இருப்பதைச் சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மெஷின்கள் இரண்டு நாள் நின்றிருக்கும். நான் பெர்மனென்ட் ஆகியிருப்பேன்.