பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் வாத்தியார்

இங்கிலீஷ் வாத்தியார் வேலையில் இங்கிலீஷ் சுலபம், மாணவனைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அந்நிய ஊரில் பாடம் சொல்லிப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாற்காலி

யாழ்ப்பாணத்தில் ஒரு பாதிரியாரிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு சும்மா கிடந்தேன். பழவேற்காட்டுக் கோட்டையை டச்சுக்காரர்கள் இங்கிலீஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகப் போகிறார்கள் என்று பேச்சு. கோட்டையில் இருந்த ஒரு டச்சு உத்தியோகஸ்தர், தன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வரும்படி எனக்குக் கடிதம் போட்டார். தோணி ஏறினேன். வழியெல்லாம் வாந்தி.

வந்து இறங்கினால் அவர் வீட்டில் கதவைக்கூடக் கழற்றியிருந்தார்கள். காவல்காரன் மட்டும் இருந்தான். கடிதத்தை நீட்டினேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு மிகுந்த இரக்கத்தோடு சொன்னான்: "தொரை குடும்பத்தோட கப்பல் ஏறி பத்து நாள் ஆவுது. ஒரு நாற்காலிய வுட்டுட்டுப் போயிருக்காரு, வேணும்னா எடுத்துக்கினு போ."

பேசக் கூடாதவன்

நாற்காலியோடு படகுத்துறையில் உட்கார்ந்திருந்த என்னைப் பசியாவரத்து நாட்டார் பார்த்தார். ஏரிக்கு நடுவில் இருக்கும் அந்தத் தீவில் அவர்தான் ஊர்த் தலைவர். அவருக்கும் ஒரு இங்கிலீஷ் கவலை இருந்தது. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் ஓர் இடத்தில், அந்த ஊரின் பன்னிரண்டு வீட்டாரும் நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். அதை எடுத்துவிட்டு, இடத்தைத் தன் ஆளுக்கு வாங்கித்தரக் கோட்டைத் துபாஷி கிளம்பியிருந்தான். இங்கிலீஷ் துரை விசாரிக்க வரப்போகிறார். துபாஷி மொழிபெயர்த்தால் ஊர் கதி அவ்வளவுதான். அதனால் ஊராருக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் பாடம் சொல்லித்தரக் கேட்டார்.

"இதுக்கேன் பாடம்? நானே துரையிட்டக் கதைக்கிறன்" என்றேன். ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். நாட்டார் பொறுமையாகவே சொன்னார்: "உனக்கு பாடு கீதா? பாடு இல்லாதவன் ஏரியப் பத்தி சபைல வாயத் தொறக்கக் கூடாது. எங்களுக்கு சொல்லிக்குடு, நாங்க பேசிக்கிறோம்."

முகம் மாறும் மாணவன்

ஒரே ஒரு ஆளை அனுப்புங்கள், அவனைத் தேற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் மீசை வைத்த ஒருவர் வந்தார். மறுநாள் மீசை இல்லை. எடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று பாடத்தைத் தொடர்ந்தேன். மூன்றாம் நாள் வந்தவர் ஒரு சாண் குட்டை. வெயிலில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, தலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். குட்டை போகவில்லை. நான்காம் நாள், புருஷன் காலைச் சிப்பி கிழித்துவிட்டதென்று அஞ்சலை வந்து உட்கார்ந்தாள்.

"நேற்று என்ன படித்தோம்?" என்று அவளிடம் அதட்டலாகவே கேட்டேன். இந்த வாத்தியாருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தாள். "நேத்து எங்க வூட்டு மொறை இல்லியே!"

காற்றடித்த மூன்று நாள்

சாப்பாடும் முறைப்படிதான். எந்த வீட்டார் பாடம் படிக்கிறார்களோ அவர்கள் வீட்டில் அன்று எனக்குச் சோறு. பன்னிரண்டு வீட்டிலும் இறால் குழம்புதான் என்றாலும் குறை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் பெருங்காற்று. படகு எதுவும் இறங்கவில்லை. மாணவனும் வரவில்லை, சோறும் வரவில்லை. மறுநாளும் காற்று. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அஞ்சலை வீட்டுக்குப் போய், என் கணக்குப்படி இன்று உங்கள் முறை என்றேன். காற்றடித்தால் பாடு அடுத்த வீட்டுக்கு நகராதாம். மூன்று நாளாக மீசையில்லாதவர் வீட்டு முறையிலேயே ஊர் நின்றுகொண்டிருக்கிறது. அவரோ என்னை மறந்துவிட்டுத் தூங்குகிறார். பழைய சோற்றைப் பிழிந்து என் முன்னால் வைத்தபடி அஞ்சலை விளக்கினாள்: "காத்து நின்னாத்தான் நாள் நவுரும், வாத்தியாரே. இன்னிக்கும் முந்தாநேத்துதான்."

துரை வந்த நாள்

ஒரே ஆளைத் தேற்றும் ஆசையை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு வாக்கியம் என்று பிரித்துக் கொடுத்திருந்தேன். துரை வந்து மரத்தடியில் என் நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். "வீ ஆர் ட்வெல்வ் ஹவுசஸ்" என்றார் மீசைக்காரர். "ஒன் டே, ஒன் ஹவுஸ்" என்றாள் அஞ்சலை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொண்டார். துரை ஆச்சரியமாகக் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு துரை ஒரு கேள்வி கேட்டார். ஒரு வீட்டு முறையன்று வேறொருவன் வலை போட்டால் என்ன செய்வீர்கள்? பன்னிரண்டு பேரும் விழித்தார்கள். கேள்வி வரும் என்று நான் சொல்லித்தரவே இல்லை. எந்த வாத்தியாரும் செய்யக் கூடாத தப்பு. அதற்குள் துபாஷி முந்திக்கொண்டு, அப்படி ஒரு கட்டுப்பாடே இங்கே கிடையாது என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னான். ஊர்ப் பக்கம் நின்றவர்களில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் புரிந்தது. நாட்டாரின் காதில் சொன்னேன். பதிலும் எனக்குத் தெரியும். அப்படிச் செய்தவன் வீட்டுக்கு ஊரில் நெருப்பும் தண்ணீரும் கிடையாது. ஆனால் வாயைத் திறக்க முடியாது.

நாட்டார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியாருக்கு ஒரு பாடு. பதிமூணாவது. இன்னா சொல்றீங்க?" என்றார். இனி ஒவ்வொரு வீட்டு முறையும் ஒரு நாள் தள்ளித்தான் வரும். அது அவர்கள் சோற்றில் கைவைக்கிற காரியம். ஒருவர்கூட யோசிக்கவில்லை. "சரி" என்றாள் அஞ்சலை, "சரி" என்றார்கள் எல்லோரும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இங்கிலீஷில் பேசினேன். முறை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்கு நன்றி சொல்லப் போனேன். அஞ்சலை விடவில்லை: "அழுதது போதும். காத்து இல்லேன்னா நாளைக்கு உன் பாடுதான். விடியறதுக்குள்ள ஏரில எறங்கணும், நீச்சல் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத."

பிழைக்கப் போன இடத்தில் நம்மை ஊர்க்காரனாக்கிவிட்டால், சகோதரர்களே, அதற்கப்புறம் பிழைப்பது ரொம்பக் கஷ்டம்.