நல்லம்மாளின் இடது காது

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த நல்லம்மாள் மேல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் மாரியம்மன் இறங்கினாள். இது அம்மன் இல்லை என்றுதான் நல்லம்மாள் சொன்னாள். யார் கேட்டார்கள்?

கோயிலில் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உலகமே சுழன்றது. தூணைக் கட்டிப்பிடித்தும் நிற்க முடியாமல் விழுந்தாள். இடது காதுக்குள் ரயில் இன்ஜின் ஓடுவதுபோல் ஒரே இரைச்சல். தலை சுற்றுகிறது என்று முனகுவதற்குள் கோயில் தலைவர் கார்த்திகேசு கற்பூரம் ஏற்றிவிட்டார். காது இரைகிறது என்றதும், அம்மன் காதோடு பேசுகிறாள் என்று ஊருக்கே சொல்லிவிட்டார். கூட்டமெல்லாம் செந்தூல் கோயிலுக்கே போகிறதே என்று புழுங்கிக்கொண்டிருந்த மனுஷர் அவர். அந்த வருஷத் தீமிதியில் நல்லம்மாள்தான் முதலில் இறங்க வேண்டும் என்று முடிவும் கட்டினார்.

நல்லம்மாள் பூக்குழியை நினைத்துப் பார்த்தாள். நெருப்புக்கு நடுவில் தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளத் தூணா இருக்கிறது?

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். யாழ்ப்பாணத்து டாக்டர் சிவகுருநாதன் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு இரண்டு காதிலும் மாறி மாறி வைத்தார். இடப்பக்கம் மந்தமாகத்தான் கேட்டது. சுற்றும்போது காது அடைக்கிறதா, வாந்தி வருகிறதா என்று துருவித் துருவி விசாரித்தார்.

"இது உள்காதில வாற வருத்தம், அம்மா. உப்பைக் குறையுங்கோ. தலை சுத்தேக்க அசையாமல் படுங்கோ."

காது திரும்பக் கேட்குமா என்றாள். அதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, புருஷன் தம்புசாமி குறட்டை விடும்போது நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உப்பைக் குறைத்தாள். தலைசுற்றல் குறைந்தது, தொல்லை கூடியது. கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, சப்பென்று சோறு. விரதம் இல்லாமல் இது வேறென்ன என்றது ஊர். வாசலில் குறி கேட்க எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னால், அவர் வாயிலும் அம்மன்தான் பேசினாள் என்றார் கார்த்திகேசு. அந்த ஆளிடம் யார் வாயைக் கொடுப்பது?

தீமிதி நாளில் பூக்குழி தகதகவென்று கிடந்தது. உடுக்கை முழங்கியது. நல்லம்மாளுக்குத் தலை கொஞ்சமும் சுற்றவில்லை. அதனால் அவளே கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடி, அம்மனாகவே பேசினாள்.

"என் பிள்ளைய விடுங்கடா. எனக்குக் கார்த்திகேசு வேணும். முதல்ல அவன் இறங்கட்டும்."

கூட்டம் தலைவரைப் பார்த்தது. அம்மன் வாக்கை மீறக்கூடாது என்று அத்தனை நாளும் சொன்னவர் அவர்தான். கார்த்திகேசு நெருப்பைப் பார்த்தார். மெல்லப் பின்வாங்கித் தூணைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தலை சுத்துது லா" என்றார்.

நல்லம்மாள் கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள்: "உப்பக் கொறைங்க, அண்ணே."