கருப்புச் சீட்டு

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் தங்கை வீட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் திறந்த இல்ல விருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர் கிளம்ப, சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் மிஞ்சினோம். அதில் ஒருத்தி, அடுத்த மாதம் என் மகனுக்கு நிச்சயம் செய்யவிருந்த காஜாங் பெண்.

தங்கை மகள் சீட்டுக்கட்டோடு வந்தாள். "ஓநாய் ஆட்டம் விளையாடலாம் லா. சிவப்பு வந்தா ஊர்க்காரங்க. கருப்பு வந்தா ஓநாய், ரெண்டே பேர்தான். எல்லாரும் கண்ணை மூடினதும் ஓநாய் ஓர் ஊர்க்காரரைக் கை காட்டித் தூக்கும். அப்புறம் எல்லாரும் பேசி, ஓநாய்னு நினைக்கிற ஆளை ஓட்டு போட்டு வெளியேத்தணும்."

நான் சமையலறைக்கு நழுவப் பார்த்தேன். நாலு பேர் நடுவில் பேசினால் என் குரல் நடுங்கும். பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் பல வருடமாகப் பெட்டி ஒட்டுகிறேன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்கவும் முதல் நாளே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அப்படிச் சொன்னால் மட்டும் நடுங்காது.

"ஆள் பத்தாது பெரியம்மா. உக்காருங்க."

என் சீட்டு கருப்பு.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ஓநாய் மட்டும் திறங்க" என்று தங்கை மகள் ஆட்டத்தை நடத்தினாள்.

திறந்தேன். எதிரே என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு ஓநாய் அவன்தான். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இந்தப் பெண்ணைப் பற்றி அவன் முதலில் சொன்னபோது, அவள் அப்பா விட்டுவிட்டுப் போன குடும்பம், வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் அவனுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. பிறகு அவளைப் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தான். "எனக்கு முழு சம்மதம்மா" என்றேன். மூன்று நாள் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவள் அழுதுவிட்டாள். "உங்களுக்கு மனசில்லன்னா நான் விலகியிருப்பேன் ஆன்டி" என்றாள்.

முதல் சுற்றிலேயே அவள் என் மகனைப் பிடித்துவிட்டாள். "காதைப் பாருங்க. பொய் சொன்னா சிவந்துரும்." அவன் கருப்புச் சீட்டைக் காட்டிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தான். என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் எப்போதும் பேசாதவள்தானே.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம்: நான், அவள், தங்கை கணவர்.

"அக்காதான் ஓநாய். இவ்வளவு நேரமா ஒரு வார்த்தை பேசல" என்று அவர் என்னைக் கை காட்டினார்.

"ஆன்டி எப்பவும் அப்படித்தான் அங்கிள். நீங்கதான் ஓவரா பேசுறீங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் கட்சியா?"

என் பக்கம் நின்று இப்படி யாரும் பேசியதில்லை. நான் அவரைக் கை காட்டினேன். முடிவு அவள் கையில்.

"ஆன்டி, என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நீங்களா?"

சோபாவில் என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லம்மா" என்றேன். முதல் சுற்றிலிருந்தே தயாராக வைத்திருந்த பதில். கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவள் தங்கை கணவரைக் கை காட்டினாள். அவர் சீட்டு சிவப்பு. நான் என்னுடையதைத் திருப்பினேன். வீடே சிரித்தது.

"நம்ம அக்காவை நம்பவே கூடாது லா" என்றார் அவர்.

அவளும் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள், பிறகு என் மகனைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

நான் எழுந்து போய் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். பின்னாலேயே வந்து அவள் குழாயை மூடினாள்.

"அன்னிக்கு உங்க வீட்ல சொன்னதும் இதே குரல்தான் ஆன்டி."

இதற்கு நான் எதையும் தயார் செய்து வைக்கவில்லை.

"அன்னிக்கு மனசில்ல" என்றேன்.

"இப்ப?"

"இப்ப... நீ போயிடக் கூடாதுன்னு இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து நடுங்கியது.

ஹாலில் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு கலைக்கும் சத்தம் கேட்டது. அவளையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. நான் மறுபடி குழாயைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்தேன். அது தட்டில் மோதிக்கொண்டே இருந்தது.

"கையும் நடுங்குது" என்றாள். "கொடுங்க, நான் கழுவுறேன்."