நாச்சம்மாள் இரண்டாம் முறை படித்தது

1936 மார்ச் 9, திங்கட்கிழமை காலையில் நான் மைசூரை விட்டுப் புறப்பட்டேன். அதே காலையில்தான் நாச்சம்மாளுக்கு மருத்துவச்சிப் பரீட்சை. விடுதி வாசலில் எனக்கு ஜட்கா நின்றது. அவள் நடந்தே கிளம்பினாள்.

"ரயிலுல குந்திக்கிட்டு என்னையே நெனைச்சுக்கிட்டிருக்காதீங்க அம்மணி. பாஸோ பெயிலோ, ரங்கூனுக்குக் கடுதாசி வரும்" என்றாள்.

அது அவளுக்கு இரண்டாவது வாய்ப்பு, மூன்றாவது கிடையாது. தவறினால் பயிற்சியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ராமாபுரத்தில் கொழுந்தன் வீட்டு அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இளவயதிலேயே கணவனை இழந்தவள். சந்தையில் பழகிய கன்னடம் வாயில் தாராளமாக வரும். எழுத்தை மட்டும் விரல் வைத்துத்தான் படிப்பாள். பாடப்புத்தகமோ இருநூறு பக்கக் கன்னடம். நானும் அதே வகுப்பில் எட்டு மாதம் இருந்துவிட்டு, ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல் விட்டவள். விடுதியில் அறை மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

முதல் முறை அவள் புத்தகத்தைக் கும்மியாக்கிவிட்டாள். அவளுடைய ஊரில் பெண்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்வது அப்படித்தான். பன்னிரண்டு பாடத்துக்கும் மெட்டுக் கட்டி, விடுதி முற்றத்தில் கைதட்டிச் சுற்றி வருவாள். முதலில் சிரித்த பெண்கள் பிறகு தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சொல் பிசகாமல் முழுப் புத்தகமும் அவளுக்கு மனப்பாடம்.

பரீட்சையில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. பிரசவம் ஆனபின் ரத்தம் நிற்கவில்லை, முதலில் என்ன செய்வாய்? விடை ஏழாம் பாடத்தின் நடுவில் இருந்தது. நாச்சம்மாளோ ஏழாம் பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. டாக்டரம்மா பொறுத்துப் பார்த்தார். "நீ வந்து சேர்வதற்குள் அவள் செத்திருப்பாள்" என்று சொல்லி அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அன்று திரும்பி வந்து என்னிடம், "பாட்டு எங்கிட்ட இருக்குது அம்மணி. பாடந்தான் இல்லை" என்றாள்.

மறுநாளே வழியை மாற்றிக்கொண்டாள். ஒரு பக்கம் படிப்பாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, அதிலிருந்ததைத் தன் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். சொல்ல வராத இடத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. அடுத்த நாள் புள்ளி வைத்தவற்றை மட்டும் பார்ப்பாள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. வரிசையாகப் போகவே மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகி, திறந்த பக்கத்தைச் சொல்வாள்.

இதற்கு இன்னும் பத்துமுறை படித்துவிடலாமே என்றேன்.

"பத்துத் தடவை படிச்சா பக்கம் பழகிப்போகுது. தெரிஞ்ச மாதிரியே இருக்குது. மூடுனாத்தான் ஒண்ணுந் தெரியலைன்னு தெரியுது."

விடுதியில் சமைத்த மாதம்மா ஐந்து பெற்றவள், எழுத்தறியாதவள். அவள் அவரைக்காய் நறுக்கும்போது நாச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்வாள்.

"நஞ்சு தானா வர்ற வரைக்கும் கொடியை இழுக்கக் கூடாது மாதக்கா."

"எங்கூருல இழுக்கத்தான் செய்வாங்க. ஏன் கூடாது?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது."

"வலியில கெடக்கறவகிட்டப் புஸ்தகத்தையா காட்டுவே?"

நாச்சம்மாள் எழுந்து போனாள். மறுநாள் காரணத்தோடு வந்தாள்.

"கருப்பை இறுகாமத் தொளதொளன்னு கெடக்கறப்ப இழுத்தா, பையோட உள்பக்கமே வெளிய வந்துரும். துணிப்பையோட அடியை உள்ளார கைவிட்டு இழுத்தா வருமே, அப்பிடி. அப்புறம் ரத்தம் நிக்காது."

மாதம்மாவின் கத்தி நின்றது. "அஞ்சு பெத்தேன், ஒருத்தி சொல்லலை. இப்பத்தான் நீ படிச்சவ மாதிரிப் பேசறே" என்றாள். பிறகு, "நேத்து வரைக்கும் கிளி" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி முடிவில் புள்ளி உள்ள பக்கங்கள் ஒன்பதுதான் மிச்சம். கடைசி வாரம் நான் கேள்வி கேட்டேன். எங்கே தொட்டாலும் சொன்னாள். ஆனால் இரண்டுமுறை தடுமாறியபோது பழைய மெட்டு தொண்டைக்கு வந்துவிட்டது. உள்ளங்கைகள் தாமாகச் சேரப் பார்த்தன. கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கவலையோடுதான் நான் ரயிலேறினேன்.

ரங்கூனில் அண்ணன் வீட்டில் இரண்டு வாரம்கூட நான் தங்கவில்லை. பினாங்கில் ஒரு பள்ளிக்கூட வேலை, பிறகு கொழும்பு. மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன இடமெல்லாம் படித்தவர்களைப் பார்த்தேன். தனக்குத் தெரியாத இடம் எது என்று தானே தேடிப் புள்ளி வைத்துக்கொண்ட இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

நான் மைசூர் திரும்பிய பிறகு, இந்த மாதம் ஒரு கார்டு வந்தது. 1936 ஏப்ரலில் ரங்கூனுக்கு எழுதியது. மூன்று விலாசம் அடித்துத் திருத்தப்பட்டு என் பின்னாலேயே அலைந்திருக்கிறது. பென்சில் எழுத்து பாதி அழிந்திருந்தது.

"அம்மணிக்கு நாச்சம்மாள் எழுதுவது. மூன்று கேள்வி கேட்டார்கள். குழந்தை அழாவிட்டால் என்ன செய்வாய் என்றதற்கு உடனே சொன்னேன். இரண்டாவதும் சொன்னேன். மூன்றாவது தெரியவில்லை. தெரியாது, டாக்டருக்கு ஆள் அனுப்புவேன் என்றேன். பாஸ் போட்டுவிட்டார்கள். சாமராஜநகர் ஆஸ்பத்திரியில் வேலை. வந்த நாளிலிருந்து நாலு பிரசவம். தாயும் பிள்ளையும் எல்லோரும் சுகம். இப்போது ஐந்தாவதுக்கு வண்டி வந்து நிற்கிறது, போகிறேன்."