மடியில் செருகிய ஃபியூஸ்

மாமாவின் வேட்டி மடியில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் துருத்திக்கொண்டிருந்த அந்தச் சித்திரை மத்தியானத்தை நினைத்தால், முதலில் அத்தையின் ரத்தம் வழிந்த கைதான் கண்ணில் படுகிறது. மாமாவும் அத்தையும் என் கணவரைப் பெற்றவர்கள். அப்போது பாளையங்கோட்டையில் அவர்களுடைய பழைய வீட்டில் இருந்தோம். கரண்டு கட்டணம் கூடியிருந்த நேரம். ஓர் அளவைத் தாண்டினால் தொகை எகிறிவிடும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை பகலில் ஃபியூஸைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வது மாமாவின் வழக்கம். கிரைண்டர் நின்றது, அத்தை ஆட்டுக்கல்லில் குனிந்தார். அந்த முறை ரீடிங் எடுப்பவர் வரவேண்டிய நாளில் வரவில்லை. ஃபியூஸும் மடியை விட்டு இறங்கவில்லை.

என் மகன் அப்போது கைக்குழந்தை. காலையிலிருந்தே காய்ச்சல். மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. "மாமா, ஃபேன் மட்டுமாவது" என்று கெஞ்சினேன். "ஈரத்துணியப் போடு. நாங்கள்லாம் ஃபேன்லயா வளந்தோம்?" என்றார். சற்று நேரத்தில் குழந்தையின் கண்கள் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தன. நான் அலறினேன்.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அத்தை நேராக மாமாவின் மடியில் கைவைத்தார். "ஏட்டி, விடுதியா இல்லியா!" என்று அவர் அத்தையின் மணிக்கட்டைத் திருகியதில் வளையல் நொறுங்கிச் சதையில் ஏறியது. அத்தை மறுகையிலிருந்த செம்பால் அவர் நெற்றியில் ஓங்கி அடித்தார். "புள்ள சாவுது! ஃபியூஸக் குடும்வே!" புருஷனை அவர் 'வே' போட்டு அழைத்து நான் அதுவரை கேட்டதில்லை. சரிந்து விழுந்தவரின் மடியிலிருந்து ஃபியூஸை உருவி, அவரைத் தாண்டிப்போய், ரத்தக் கையாலேயே செருகினார். ஃபேன் சுற்றியது.

ஆஸ்பத்திரியில் மகன் தேறிவிட்டான். காய்ச்சலால் வந்த வலிப்பு, ஃபேன் ஓடியிருந்தாலும் வந்திருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த அடி அநியாயமா? டாக்டர் சொன்னதை அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வந்திருக்கட்டும். காத்தோட வந்திருக்கும்லா" என்று கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தபடி சொன்னார். அதன்பின் கட்டணம் கூடும்போதெல்லாம் மாமா தன் அறை ஃபேனை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அத்தை போன ஐப்பசியில் காலமானார். கட்டணம் மறுபடியும் கூடியிருக்கிறது. நேற்று என் கணவர் பில் வந்த செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "மத்தியானம் மட்டும் ஏசி வேண்டாமே" என்று பொறுமையாகத்தான் சொன்னார். அவர் எழுந்தபோது நான் ஏற்கெனவே சுவிட்ச் போர்டை மறைத்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"ஏன் இப்படி நிக்கே? அடிக்கவா வாரேன்?" என்றார்.

இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் விலகி வழிவிட என் கால் நகரவில்லை.