மிளகுக் கொடி இல்லாத மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனின் பாட்டைக் கேட்பதற்காக மலையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ரசிகனாக அல்ல... பெண் கொடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய.

சிரிக்காதீர்கள். எங்கள் மலைக் கிராமங்களில், வளப்பூர் நாட்டில், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கும் முன் அவன் காட்டைத்தான் பார்ப்போம். மிளகுக் கொடியின் அடியில் குனிந்து, வேர் அழுகியிருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்போம். கொடி நன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

என் மகள் சுகன்யா விரும்பும் பிரபுவுக்குக் காடும் இல்லை, கொடியும் இல்லை. மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் வாடகை வீடு. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. லீவு நாளில் நண்பர்களோடு ராக் பாட்டு. எழுதுவதும் அவனே.

நான் எதைக் குனிந்து பார்ப்பது? பாட்டைத்தான்!

"பாட்டைக் கேட்டுப் பொண்ணு குடுக்கறவரு இந்த மலையிலயே நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள் மனைவி.

அவர்கள் டிரம்ஸ் அடித்த அடியில் என் கையிலிருந்த டீ தளும்பியது. காதல் பாட்டு என்றார்கள். எங்கள் காலத்துக் காதலன் நிலாவைப் பறித்துத் தருவான். இவனோ—

"பட்டறைய மூடுனா என்ன பண்ணுவ?
பாதி வழியில நின்னா என்ன பண்ணுவ?
விடியுமான்னு தெரியல புள்ள,
கைய மட்டும் விட்டுறாத"

என்று கத்துகிறான். அடுத்த பாட்டிலும் இதே பயம். அதற்கடுத்ததிலும். வேர் அழுகல் என்பது இதுதானோ?

நான் கூச்சக்காரன். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன்... கேட்டுவிட்டேன்.

"ஏந்தம்பி, எல்லாப் பாட்டுலயும் பயப்படறீங்களே?"

"பயமாத்தானுங்க மாமா இருக்குது. பட்டறையில ஆளைக் கொறைக்கறாங்க."

"அப்ப எம்பொண்ணு?"

"அதுதானுங்க பெரிய பயம்."

'நான் பாத்துக்கறேனுங்க' என்று பொய்யாகவாவது சொல்வான் என்று காத்திருந்தேன். கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, பட்டறைய மூடுனா என்ன பண்ணுவன்னு உன்னையத்தானே கேக்கறான். நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னனுங்கப்பா. அவருக்கும் தெரியல."

"தெரியாமயா கட்டிக்கப் போறீங்க?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்கப்பா உங்க கொடியக் குனிஞ்சு பாத்துத்தானுங்க என்னையக் குடுத்தாரு. மறு வருசமே அத்தனையும் வாடிப்போச்சு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த வருடம் நான் தூங்கவே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கொடி, ஜாதகம், சம்பளம் — நாளைய தினத்தைப் பார்த்துவிடலாம் என்று நாமும் எதையாவது கிளறிக்கொண்டேதான் இருக்கிறோம். என்ன தெரிகிறது? மண்தான். இந்தப் பையனோ, 'தெரியவில்லை' என்பதைச் சத்தம் போட்டுப் பாடுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று பிரபுவுக்குப் போன் போட்டுச் 'சரி' என்று சொல்லிவிட்டேன். 'நெசமாத்தானுங்களா மாமா?' என்று மூன்று தடவை கேட்டான். பயந்துவிட்டான் போலிருக்கிறது.

நானும்தான்.